பாலை மரத்தில் தொங்கிய குழை

“நீ ஒருத்தரிட்டையும் சொல்லமாட்டாய்தானே?”

“சொல்லமாட்டன்.”

“மிஸ்ஸிட்டை?”

“இல்லை.”

“உங்கட வாப்பாட்டை?”

“ஒருத்தரிட்டயும் இல்லையெண்டா இல்லைதானே. அழாதடி. மூக்கைத் துடை, றுக்கியா பாக்கிறாள்.”

மூதூரிலிருந்து திருகோணமலைக்குத் திரும்பிய லாஞ்சிப் படகின் பின்பக்கத்தில், ஈரக் கயிற்றுச் சுருளின்மேல் நெருக்கியடித்து உட்கார்ந்து ஸல்ஹாவும் ராசமலரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தெட்டாம் ஆண்டு, ஆகஸ்ட் விடுமுறையின் கடைசி வாரம். இருவருக்கும் பதினாறு வயது. எல்லோரும் ஸல்ஹாவின் தலையில் போட்டுவிட்ட ஒரு பிழை உண்மையில் தன்னுடையது என்று ராசமலர் சற்று முன்புதான் அழுதழுது சொல்லி முடித்திருந்தாள். இயந்திர இரைச்சலில் அது வேறு யாருக்கும் கேட்கவில்லை. பிழையைச் சுமந்தவள் பிழை செய்தவளுக்குத் தன் தாவணி நுனியைக் கொடுத்து முகம் துடைக்கச் சொன்னாள்.

பதினான்கு வருடங்களாக அந்தப் பேச்சு ஸல்ஹாவை விடவில்லை. மீன் கழுவும்போது வரும். பிள்ளைக்குத் தலை பின்னும்போது வரும். வரும்போதெல்லாம் ‘சொல்லமாட்டன்’ என்ற இடத்தில் வேறொரு வசனத்தை வைத்துப் பார்ப்பாள். ‘என்ட வாப்பாட்ட மட்டும் நீயே வந்து சொல்லிரு.’ எவ்வளவு சின்ன வசனம்! அன்று அது வாயில் வரவில்லை. பிறகு, வந்தபோதெல்லாம் ஏதாவது ஒன்று குறுக்கே வந்து அதைத் திருப்பி அனுப்பிவிட்டது.

அந்தப் பயணத்துக்கு ஸல்ஹாவை அனுப்பியவரே வாப்பாதான்.

கிண்ணியாத் துறையடியில் அபூதாஹிர் கடை வைத்திருந்தார். தோணிக்குக் காத்து நிற்பவர்கள் எல்லோரும் அவர் கடை வாசலில்தான் நிற்பார்கள். ஊரின் வாய் முழுக்க அங்கேதான். மகளை நகரத்துப் பாடசாலை விடுதியில் விட்டுப் படிப்பித்தபோதே அந்த வாய் சும்மா இருக்கவில்லை. இப்போது சாரணியப் பெண்கள் எட்டுப் பேர் ஒரு ஆசிரியையோடு ஏழு நாள் காட்டுக்குள் நடக்கப் போகிறார்கள், அதில் ஸல்ஹாவும் ஒருத்தி என்று தெரிந்ததும் பெரியவர்கள் இரண்டு பேர் வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

“குமர்ப்புள்ளைய காட்டுக்கு அனுப்புறதா, அபூதாஹிர்? என்னத்துக்கு?”

“ஆனை பாக்க,” என்றார் வாப்பா, சீனி நிறுத்தபடியே. “என்ட மகள் ஆனை பாக்கப் போறாள். உங்கட மகள்மாருக்கு ஆனை வேணாமெண்டா ஊட்டுல வெச்சிருங்க.”

அவர் தானே ஸல்ஹாவின் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, தோணியேறி, நகரத்து இறங்குதுறைவரை வந்தார். லாஞ்சி புறப்படும்போது கையை ஆட்டவில்லை. தொப்பியைக் கழற்றி ஆட்டினார். பார்த்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். ஸல்ஹாவுக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

மூதூரில் இறங்கி, லொறியில் தோப்பூர்வரை போய், அங்கிருந்து நடை. தெற்கே காட்டு விளிம்போடு ஈச்சிலம்பற்றுக்குப் போய், வெருகல் ஆற்றைத் தொட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. பொறுப்பாக வந்தவர் கமலேஸ்வரி மிஸ். கணக்குப் படிப்பிப்பவர். காட்டிலும் விசில் ஊதித்தான் பேசுவார். வழிகாட்டியாக வந்தவர் தோப்பூர் அலியார். நாற்பது வயதிருக்கும். காடு தெரியும், ஆனால் வாய்தான் அதைவிட நீளம்.

“ஆனை வந்தா ஓடப்படா, மிஸ். நிண்டு கணக்குச் சொல்லிக் குடுங்க. அது தானா ஓடிரும்,” என்றார் முதல்நாளே.

மிஸ் சிரிக்கவில்லை. பெண்கள் சிரித்த சிரிப்பில் விறகுக் கட்டு ஒன்று சரிந்து விழுந்தது.

முதல் இரண்டு நாளும் ஒருவரையொருவர் பார்த்தாலே எரிச்சல் வந்தது. காலெல்லாம் கொப்புளம். சோறு அடிப்பிடித்தது. உண்ணி கடித்த இடமெல்லாம் தடித்துச் சிவந்தது. நகரத்துக் கடைக்காரர் மகள் றுக்கியா முகப்பவுடர் டப்பாவைக் காட்டுக்குள் கொண்டுவந்திருந்தாள். கச்சான் காற்று புழுதியை வாரி அடிக்க, பவுடரும் வியர்வையும் சேர்ந்து அவள் முகம் மாவு பிசைந்த சட்டிபோல் ஆயிற்று. அவள் அழுதாள். யாரும் தேற்றவில்லை.

மூன்றாம் நாள் எப்படி மாறியதென்று ஸல்ஹாவுக்கு இன்றும் சரியாகச் சொல்லத் தெரியாது. காற்று இரைந்துகொண்டிருந்த ஒரு குளக்கட்டில், ஒருவராலும் அடுப்பு மூட்ட முடியவில்லை. ஸல்ஹா காற்றுக்கு முதுகு காட்டிக் குந்தி, தன் தாவணியை விரித்து மறைத்து, ஒரே குச்சியில் நெருப்பை எடுத்தாள். கடை வீட்டில் தண்ணீர் மொள்ளக்கூட ஆளிருந்த பிள்ளை அவள். “அடியே, இவள் நெருப்புக்குப் பிறந்தவள்!” என்று றுக்கியா கத்தினாள். அன்றிலிருந்து அடுப்பு ஸல்ஹாவின் பொறுப்பு. றுக்கியா பவுடரைக் கொட்டிவிட்டு டப்பாவில் உப்பு போட்டு வைத்தாள். பாலைப் பழக் காலம். மஞ்சள் பழங்களை மடியில் கட்டிவந்து தின்றார்கள். அதன் பால் ஒட்டி உதடுகள் பிரியாமல், பேசவும் முடியாமல், சிரிக்கவும் முடியாமல் எட்டுப் பேரும் மூக்கால் சிரித்தார்கள். மிஸ்ஸும் தின்றுவிட்டு விசில் ஊத முடியாமல் நின்றார்.

ராசமலர் அந்தப் பக்கத்துப் பிள்ளை. ஈச்சிலம்பற்று. தகப்பன் மூத்ததம்பி வயலும் காடுமாக இருப்பவர். அந்த ஊரிலிருந்து விடுதிக்கு வந்த முதல் பெண் அவள்தான். கமலேஸ்வரி மிஸ்தான் அதிபரோடு வாதாடி இடம் எடுத்துக் கொடுத்தவர். விடுதியில் வாய் திறக்காத ராசமலர் காட்டில் வேறு ஆளாக இருந்தாள். எந்தக் கொடியில் தண்ணீர் வரும், எந்தப் புற்றில் பாம்பு இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளும் ஸல்ஹாவும் ஒரே பாயில் படுத்தார்கள். இரண்டு பேரும் டீச்சராக வேண்டும், ஒரே பாடசாலையில் படிப்பிக்க வேண்டும், சம்பளம் எடுத்து ஆளுக்கொரு சைக்கிள் வாங்க வேண்டும் என்றெல்லாம் திட்டம் போட்டார்கள்.

“பொம்பிளையள் சைக்கிள் ஓடினா எங்கட ஊரில கல்லெறிவினம்,” என்றாள் ராசமலர்.

“எங்கட ஊருல எறியமாட்டாங்க. கல்லு தேடிப் போகப் பஞ்சி, சோம்பல். வாயாலதான் எறிவாங்க,” என்றாள் ஸல்ஹா.

குழை விஷயம் நடந்தது அதற்கு முன்னால், இரண்டாம் நாள். காட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு பெரிய மரத்தடியில் வாடிய இலைக்கொத்துகள் குவியலாகக் கிடந்தன. ராசமலர் நின்றாள். பக்கத்துச் செடியில் இலையோடு ஒரு சிறு குழையை முறித்து, அந்த மரக் கிளையில் தொங்கவிட்டு, கண்ணை மூடித் திறந்தாள்.

“என்னடி அது, மரத்துக்குப் பூ வைக்கிறியா?” என்று றுக்கியா கேட்டாள்.

“காட்டுக்குள்ள போகேக்கை ஐயனாருக்கு ஒரு குழை போடோணும். போட்டா வழி தப்பாது. எங்கட ஐயா போடாமல் காலெடுத்து வைக்கமாட்டார்.”

“காட்டுப்பிள்ளை! ஆனைக்கும் ஒண்டு போடு, தின்னட்டும்!”

எல்லோரும் சிரித்தார்கள். ஸல்ஹாவும் கொஞ்சம் சிரித்தாள். மிஸ் மட்டும் விசிலை எடுத்து ஊதிவிட்டு அருகில் வந்தார். சாரணியப் பாதைக் குறிகளைப் படிப்பதுதான் இந்தப் பயணத்தின் பெரிய பரீட்சை. நிலத்தில் கல் அடுக்கினால் அம்பு. புல்லை முடிச்சுப் போட்டால் நேரே போ. கிளையில் குழை தொங்கினால் அந்தப் பக்கம் திரும்பு.

“உன்ரை சாமியை நான் குறை சொல்லேல்லை, ராசமலர். ஆனா இந்த ஏழு நாளும் தொங்கிற குழைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். நீ போட்ட குழையைப் பாத்து ஒருத்தி வழிமாறிப் போனா ஆர் பொறுப்பு? இன்னொருக்கால் போட்டா நீ அண்டைக்கே வீட்டை போகலாம். விடுதிக்கும் வரத் தேவையில்லை.”

ராசமலரின் முகம் கறுத்துப்போயிற்று. “இனிப் போடமாட்டன் மிஸ்,” என்றாள். எட்டுப் பேர் முன்னால் சொன்னாள். ஸல்ஹாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஐந்தாம் நாள் பரீட்சை. குளக்கட்டிலிருந்து உல்லைக்கழிக் கரைவரை ஒன்றரை மைல். காடு தெரிந்தவள் என்பதால் பாதைக் குறி வைக்கும் வேலை ராசமலருக்கு. அவள் விடிந்ததும் தனியாகப் போய்க் குறிகளை வைத்துவிட்டுக் கழிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தாள். அலியார் அங்கே நின்றார். மற்றவர்களை மிஸ் கால்மணிக்கு ஒருத்தியாக அனுப்பினார். ஸல்ஹா கடைசி. அடுப்பை அணைத்து, சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டியவள் அவள்தானே.

பாதி தூரத்தில் ஒரு முதிய பாலை மரம். அங்கே வழி இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கம் ஒற்றையடிப் பாதை. இடப்பக்கம் விறகு வண்டிகள் போய்த் தேய்ந்த தடம். ஸல்ஹா நின்று நிலத்தைப் பார்த்தாள். கச்சான் காற்று காய்ந்த சருகுகளை வாரிக் கொட்டியிருந்தது. கல் ஒன்றும் தெரியவில்லை. குனிந்து காலால் இரண்டு இடத்தில் விலக்கியும் பார்த்தாள். நிமிர்ந்தபோது கண்ணில் பட்டது, இடப்பக்கக் கிளையில் தொங்கிய குழை. இன்னும் வாடாத பச்சைக் குழை.

ஒரு கணம் அவளுக்கு அந்த இரண்டாம் நாள் மரம் நினைவுக்கு வந்தது. ‘சாமிக்குப் போட்டதோ?’ உடனே தன்னையே கடிந்துகொண்டாள். ராசமலர் இனிப் போடமாட்டேன் என்று சொன்னவள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவள். அப்படியானால் இது குறிதான். அவள் இடப்பக்கம் திரும்பினாள்.

நடந்தாள். வண்டித் தடம் பிரிந்து பிரிந்து போயிற்று. அடுத்த குறி வரவில்லை. திரும்பி வந்த வழியென்று நினைத்த வழி அவளை வேறெங்கோ கொண்டுபோய் விட்டது. கூப்பிட்டாள். காற்று அவள் குரலைப் பின்னால் தள்ளியது. பொழுது சாயும் வேளையில், முள் கிழித்த காலோடு, புகை தெரிந்த திசைக்குப் போய் ஒரு விறகுவெட்டி வாடிக் குடிசையில் ஏறினாள். மூன்று ஆண்கள் இருந்தார்கள். நடுங்கிக்கொண்டு நின்றவளைப் பார்த்து அவர்களும் நடுங்கினார்கள். மூத்தவர் சூடாக வெறுந்தேத்தண்ணி கொடுத்து, “உள்ளுக்க படு புள்ள, கதவுக்குப் பெட்டியை இழுத்து வை,” என்று சொல்லிவிட்டு மற்ற இருவரோடும் வெளியே நெருப்படியில் இருந்துகொண்டார். விடியும்வரை அவர்கள் இருமுவதும், ஆனைக்காகத் தகரம் தட்டுவதும் கேட்டுக்கொண்டே இருந்தன. அந்த மூன்று பேருக்கும் ஸல்ஹாவால் ஒரு நாளும் நன்றி சொல்ல முடிந்ததில்லை. அவர்கள் பேரை எடுப்பதே தன் பேரைக் கெடுப்பதாக ஆகிவிட்டது.

மறுநாள் காலை அலியார் வந்து கண்டுபிடித்தார். பேச்சுக்கார மனிதன் ஒரு சொல் பேசாமல் முன்னால் நடந்தார்.

“நான் குழையைப் பாத்துத்தான் போனனான், மிஸ்,” என்று ஸல்ஹா சொன்னாள்.

மிஸ்ஸின் கண்கள் வீங்கியிருந்தன. “எந்தக் குழை? நேற்றுப் பின்னேரமே நாங்கள் எல்லாரும் அந்த மரத்தடியில நிண்டனாங்கள். கல் அம்பு வலப்பக்கம் இருந்தது. ராசமலர் சருகை விலக்கிக் காட்டினவள். குழை ஒண்டும் இல்லை. முன்னால போன பிள்ளையளும் கல்லைப் பாத்துத்தான் போனவை, ஒருத்தியும் குழையைக் காணேல்லை.”

“இருந்தது மிஸ்.”

“ராசமலர், நீ குழை போட்டனியோ?”

“இல்லை மிஸ்,” என்றாள் ராசமலர், தன் கால்விரலைப் பார்த்தபடி.

அதே கேள்விக்கு அதே பதிலை அவள் முந்தின நாள் பின்னேரமும் சொல்லியிருந்தாள். அதை நம்பித்தான் எல்லோரும் வலப்பக்கமும் கழிக்கரையும் தேடினார்கள். அலியார் கழுத்தளவு தண்ணீரில் கோல் குத்தித் தேடினார். பொழுது படும்வரை இடப்பக்கத் தடத்தில் ஒருவரும் கால் வைக்கவில்லை.

ஏழாம் நாள், திரும்பும் லாஞ்சியில்தான் மீதிக் கதை வெளியே வந்தது. தனியாகக் குறி வைக்கப் போன ராசமலர், பாலை மரத்தில் கரடி நகம் கீறிய புதுக் காயத்தைக் கண்டிருக்கிறாள். பயந்துபோனாள். பயந்தவுடன் கை தன்பாட்டில் ஒரு குழையை முறித்துக் கிளையில் போட்டுவிட்டது. அவளுடைய தகப்பன் போடுவதுபோல. பின்னேரம் எல்லோரும் தேடப் புறப்பட்டபோது அவள் முந்திக்கொண்டு ஓடிப் போய், மற்றவர்கள் வருமுன் அதைப் பிடுங்கிப் பற்றைக்குள் எறிந்துவிட்டாள்.

“சொன்னா என்னை வீட்டை அனுப்பிப்போடுவா. எங்கட ஊரில இருந்து பேந்து ஒருத்தியையும் எடுக்கமாட்டினம்,” என்று அழுதாள்.

ஸல்ஹா யோசித்தாள். தனக்கு என்ன வந்துவிடப் போகிறது? மிஸ் திட்டிவிட்டார், முடிந்தது. இவளுக்கோ படிப்பே போய்விடும். பதினாறு வயதில் கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. “சொல்லமாட்டன்,” என்றாள்.

மிஸ் கெட்டவர் இல்லை. நடந்ததென்று தான் நம்பியதைத்தான் எழுதினார். பாடசாலையின் கடிதம் பயணம் முடிந்த மூன்றாம் நாள் துறையடிக் கடைக்கு வந்தது: ‘மாணவி பாதைக் குறிகளைக் கவனியாது, தன் விருப்பப்படி விலகிச் சென்று, இரவு விறகுவெட்டிகளின் வாடியில் தங்கியிருந்தார்.’ வாப்பா அதைக் கடையில் வைத்து, நான்கு பேர் நிற்கும்போது பிரித்து வாசித்துவிட்டார். மகள் ஆனை பார்த்த கதை இருக்கும் என்று நினைத்துத்தான் சத்தமாக வாசித்தாராம்.

‘தன் விருப்பப்படி.’ அந்த இரண்டு சொற்கள் தோணியேறி எல்லா ஊருக்கும் போயின. ஆர் அந்த விறகுவெட்டி, முன்னமே தெரிந்தவனா, எத்தனை நாள் பழக்கம் என்று ஊர் கேட்டது. வாப்பா ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து ஸல்ஹாவின் கிழிந்த கால்களைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அவ்வளவுதான். “வாப்பா, நான் சொல்றதக் கேளுங்க,” என்று அவள் வாசல்படியில் நின்று அழுதபோது எழுந்து பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். அன்றைக்கு அவள் வாக்கை மீறிச் சொல்லிவிடத்தான் போனாள். கேட்க ஆளில்லை. கேட்டிருந்தாலும், குழை இருந்தது என்று பொய் சொன்னவளென்று பெயர் எடுத்தவளை யார் நம்புவார்கள்? ராசமலர் சொன்னால்தான் நம்புவார்கள்.

அன்றிலிருந்து வாப்பா மகளோடு நேருக்குநேர் கதைத்ததில்லை. உம்மா இருந்தவரை உம்மா மூலம். பிறகு பேத்தி மூலம். “உங்கட உம்மாட்ட ஒரு தேத்தண்ணி கேளு மகள்,” என்பார், ஸல்ஹா இரண்டு முழத்தில் நிற்க.

விடுதிக்கு அவள் திரும்பிப் போகவில்லை. மறு வருடம் ஸெய்னுதீனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். முப்பத்தைந்து வயது, முதல் மனைவியை இழந்தவர். அவர் கையோங்கியதில்லை. ஆனால் கோபம் வந்தால், “உன்னையும் ஒருத்தன் எடுத்தானே,” என்பார். சாப்பிட்டுக்கொண்டே, சாதாரணமாகச் சொல்வார்.

ராசமலர் கலியாணத்துக்கு வந்திருந்தாள். கண்ணாடிக் கோப்பைகள் ஆறு கொண்டுவந்தாள். ஸல்ஹா அவள் கையைப் பிடித்து, “ராசமலர், எனக்கு ஒரு காரியம்…” என்று தொடங்கினாள். அதற்குள் பெண்கள் குரவையிட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். இன்னொரு முறை, எழுபத்தாறில், திருகோணமலை பஸ் நிலையத்தில். ராசமலருக்கு அப்போதுதான் ஆசிரிய நியமனம் கிடைத்திருந்தது. “நீ அண்டைக்கு வாயைத் திறந்திருந்தா, நான் இண்டைக்கு வயலுக்குள்ள குனிஞ்சு நிண்டிருப்பன். நான் சாகுமட்டும் மறக்கமாட்டன்,” என்று ராசமலர் கண் கலங்கினாள். அப்படி நன்றி சொல்பவளிடம் எதைக் கேட்பது? கோப்பைகள் உடைந்துவிட்டனவா என்று அவள் கேட்டாள். இரண்டு உடைந்தது என்று ஸல்ஹா சொன்னாள். பஸ் வந்தது.

பிறகு, எண்பத்திரண்டின் தொடக்கத்தில் ராசமலர் கிண்ணியாவுக்கே மாற்றலாகி வந்தாள். ஸல்ஹாவின் மகள் சித்தி பரீதாவுக்குப் பன்னிரண்டு வயது. அவளுடைய வகுப்பாசிரியையும் சாரணியர் தலைவியும் ராசமலர் டீச்சர்தான். வீட்டில் விடிந்தால் டீச்சர், பொழுதுபட்டால் டீச்சர். டீச்சருக்குப் பாம்புப் புற்று தெரியும், உம்மா. டீச்சர் காத்துக்குள்ள நெருப்பு மூட்டப் பழக்கித் தந்த, உம்மா. தாவணிய விரிச்சு, காத்துக்கு முதுகைக் காட்டி.

“ஓ, அப்படியா,” என்றாள் ஸல்ஹா. உலைக்கு அரிசி போட்டாள்.

ஆகஸ்ட் விடுமுறைக்குப் பயணம் அறிவித்தார்கள். அதே வழி. பரீதாவின் பெயர் முதலில் இருந்தது. அனுமதிக் கடிதத்தை நீட்டியபோது ஸெய்னுதீன் வாசிக்காமலே மடித்தார்.

“உன்ட உம்மா போன பயணம் காணும். ஒரு ஊட்டுக்கு ஒரு ஆள் காட்டுல படுத்தது போதும்.”

பிள்ளை அதுவரை கேள்விப்படாத கதை. அன்று பின்னேரம் குசினி வாசலில் வந்து நின்றாள்.

“உம்மா, நீங்க ஏன் குறியை உட்டுட்டுப் போன நீங்க?”

ஸல்ஹா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பதினான்கு வருடத்தில் முதல்முறையாக ஒருவர் அவளிடம் ‘ஏன்’ என்று கேட்கிறார். அதுவும் எப்படி? விட்டுவிட்டுப் போனாள் என்று முடிவுகட்டிய பிறகு. “பேந்து சொல்றன் மகள்,” என்றாள். மகள் முகத்தில் ஓடிய ஒன்றை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள். தொப்பியை ஆணியில் மாட்டிய முகத்தில்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ராசமலர் டீச்சர் தானே வீட்டுக்கு வந்தாள், அனுமதி கேட்க. வெள்ளைச் சேலை, தோளில் பை, வெளியே அவளுடைய சைக்கிள். ஸெய்னுதீன் எழுந்து கதிரை போட்டார். வாப்பா மூலையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். பரீதா டீச்சரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றாள். ஸல்ஹா தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். மிஞ்சியிருந்த நான்கு கண்ணாடிக் கோப்பைகள்.

“எப்பிடி ஸல்ஹா, சுகமே?”

“இருக்கிறன், டீச்சர். குடிங்க.”

டீச்சர் என்று அவள் சொன்னது ராசமலருக்குத் தைத்திருக்க வேண்டும். கோப்பையை எடுத்து, குடிக்காமல் வைத்திருந்தாள்.

“கோவிக்கக்கூடாது, டீச்சர்,” என்றார் ஸெய்னுதீன். “நீங்க நல்ல ஆள். புள்ளைக்கும் விருப்பம். ஆனா இவட கதை உங்களுக்குத் தெரியாததில்லை. நீங்களும் அங்க இருந்த நீங்கதானே. ஊர்ல அது இன்னும் சாகல்ல. இவளையும் அனுப்பி, இவளும் தன்ட விருப்பத்துக்கு எங்கயாவது போனா?”

வாப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

ராசமலர் ஸல்ஹாவைப் பார்க்கவில்லை. மிக மென்மையாக, வகுப்பில் ஒரு பிள்ளைக்காகப் பரிந்து பேசுவதுபோலச் சொன்னாள்:

“அவ அப்ப சின்னப்பிள்ளைதானே, நாநா. பிழை விடுறது சகசம். கல்லு வைச்ச குறியைக் கவனியாமல் போயிட்டா. வேணுமெண்டு செய்திருக்கமாட்டா. இப்ப நாங்கள் ஒரு பிள்ளையையும் தனிய விடுறேல்லை. பரீதா கவனமான பிள்ளை.” பிள்ளையின் தலையைத் தடவினாள். “இவள் அப்பிடிப் போகமாட்டாள்.”

பரீதா தன் தாயை நிமிர்ந்து பார்த்தாள். பாவம் பார்க்கிற பார்வை. மன்னித்துவிட்ட பார்வை.

ஸல்ஹா தட்டைக் கீழே வைத்தாள். வைத்த வேகத்தில் ஒரு கோப்பை சரிந்து தேத்தண்ணி தரையில் ஓடியது. ஸெய்னுதீன் ஏதோ சொன்னார். அவள் துடைக்கக் குனியவில்லை. இத்தனை வருடமும் நன்றியும் இரக்கமும் வாக்கும் அவள் வாயை அடைத்து வைத்திருந்தன. இந்த மென்மையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“உம்மாட்ட சொல்லு மகள், நிலத்தைத் துடைக்கச் சொல்லி,” என்றார் வாப்பா, கண்ணைத் திறக்காமல்.

“ராசமலர்,” என்றாள் ஸல்ஹா.

அவள் டீச்சராகி வந்த பிறகு முதல்முறையாக அந்தப் பெயர், டீச்சர் என்ற சொல் இல்லாமல். ராசமலர் தலை நிமிர்ந்தாள். அவள் முகத்தில் நிறம் இல்லை. என்ன வரப்போகிறதென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“லாஞ்சில நீ என்னட்ட ஒண்டு கேட்டாய். நான் தந்தன். இண்டுவரைக்கும் காப்பாத்தினன். இப்ப நான் உன்னட்ட ஒண்டு கேக்கிறன். அந்தப் பாலை மரத்தில குழை போட்டது ஆரு, பின்னேரம் அதைப் பிடுங்கி எறிஞ்சது ஆரு எண்டு, என்ட வாப்பாட்ட நீ உன்ட வாயால சொல்லு.”